முப்பது வாசல்கள்

ஓ.பி. முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, பகல் ஒன்றரை மணிவாக்கில், டப்பாக்களைக் கவிழ்த்து எண்ண உட்காருவேன். 1987-இல் வட ஆற்காட்டுப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராகச் சேர்ந்தேன். அப்போது மாத்திரைகள் உதிரியாக, டப்பாவுக்கு ஆயிரம் என்று வரும். ஐந்தைந்தாக விரலால் தள்ளி எண்ணி, பழைய தாளில் பொட்டலம் மடித்து, காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்று சொல்லிக் கொடுப்போம். செப்ட்ரான், ஆம்பிசிலின், டெட்ராசைக்ளின். ஊர் ஜனங்களுக்கு இந்தப் பெயரெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "மருந்து குடுக்குற அம்மா, போன தடவை குடுத்தீங்களே ரெண்டு கலர் கேப்சூல், அதே குடுங்க" என்பார்கள்.

ஸ்டாக் ரிஜிஸ்டரில் மூன்று கட்டங்கள்: வரவு, செலவு, இருப்பு. மூன்றும் பொருந்திவிட்டால் அன்றைக்கு நிம்மதி. பொருந்தாவிட்டால் மேசைக்கடியில் உருண்டு கிடக்கும் ஒற்றைக் கேப்சூலைத் தேடி எடுக்கும்வரை வீட்டுக்குப் போக மாட்டேன்.

பல வருஷம் கழித்து, ஒரு மழைக்காலத்தில், மாவட்டக் கூட்டத்தில் ஓர் அதிகாரி என் கணக்கைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "போன மாசத்தைவிட அமாக்சிசிலின் இவ்வளவு கூடியிருக்கேம்மா, ஏன்?"

"ஓ.பி. கூடியிருக்கு சார்" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பதில் என்னை உறுத்தியது. ஓ.பி. கூடியது உண்மை. ஆனால் வந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கேப்சூல் போனது? ஒருவருக்கு எத்தனை நாளைக்கு? சளிக்கா, நிமோனியாவுக்கா? என் ரிஜிஸ்டரில் எதற்கும் விடை கிடையாது. கேப்சூலைத்தான் எண்ணியிருந்தேன், அதை வாங்கிப் போன ஆட்களை எண்ணவில்லை.

இதே உறுத்தல் ஐரோப்பாவில் எனக்கு வெகு காலம் முன்பே இருவருக்கு வந்திருக்கிறது என்பது பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. ஸ்வீடனைச் சேர்ந்த ஆர்தர் எங்கெல், நெதர்லாந்தைச் சேர்ந்த பீட்டர் சிடேரியஸ். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளைக்காக 1966-67-இல் ஆறு நாடுகளுக்குப் போய், அந்தந்த நாட்டில் மருந்து எவ்வளவு செலவாகிறது, அதை யார் எப்படிக் கணக்கு வைக்கிறார்கள் என்று பார்த்தார்கள். 1968-இல் அறிக்கை வந்தது. நோய்கள் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் நாடுகளில்கூட ஆன்டிபயாடிக் செலவு பெரிய அளவில் வேறுபட்டது. ஆனால் எவ்வளவு வேறுபட்டது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அளப்பதற்குப் பொதுவான படி இல்லை.

நம் ஊரில் நெல் அளந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஊருக்கு ஊர் படி வேறு. இந்த ஊரில் பத்துப் படி, அந்த ஊரில் எட்டுப் படி என்றால், எங்கே விளைச்சல் அதிகம் என்று எப்படிச் சொல்வது? மருந்திலும் அதே சிக்கல்தான். பணத்தால் அளந்தால் விலை நாட்டுக்கு நாடு வேறு. பெட்டியால் அளந்தால் ஒரு பெட்டியில் 10 இருக்கும், இன்னொன்றில் 16 இருக்கும். எடையால் அளந்தால், ஒரு மருந்தில் ஒரு நாளைக்கு 2 கிராம் தேவை, இன்னொன்றில் 100 மில்லிகிராம் போதும்.

1969-இல் ஆஸ்லோவில் 'மருந்து நுகர்வு' என்ற தலைப்பிலேயே ஒரு கூட்டம் கூடியது. பொதுவான படி வேண்டும் என்று அங்கே முடிவானது. அதைச் செய்துகொடுத்தவர்கள் நார்வேக்காரர்கள். நார்வே முந்திக்கொண்டதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அந்த நாட்டில் மருந்து மொத்த வணிகம் அரசு கையில் இருந்தது. நோர்ஸ்க் மெடிசினால்டெப்போ என்ற அரசு மருந்துக் கிடங்கு வழியாகத்தான் கடைகளுக்கு மருந்து போகும். ஒரே வாசல். அந்த வாசலில் நின்றால் நாடு முழுவதும் தின்னும் மாத்திரையை எண்ணிவிடலாம். எண்ண முடிகிற இடத்தில்தான் எப்படி எண்ணுவது என்ற யோசனையும் பிறந்திருக்கிறது.

அவர்கள் வைத்த அளவுக்கு டி.டி.டி. என்று பெயர். தமிழில் நாளளவு என்று சொல்லிக்கொள்கிறேன். ஒரு மருந்தை அதன் முக்கியமான நோய்க்கு வயதுவந்த ஒருவர் எடுத்துக்கொண்டால் சராசரியாக ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்? அதுதான் ஒரு நாளளவு. ஒவ்வொரு மருந்துக்கும் அது எந்த உறுப்புக்கு, எந்த வேலைக்கு என்று காட்டும் ஒரு குறியீடும் வைத்தார்கள். உடலுக்குள் போய் வேலை செய்யும் பாக்டீரியா மருந்துகளில் பெரும்பாலானவை ஜே01 என்று தொடங்கும். ஓர் ஊரில் 1000 பேர் இருந்தால், ஒரு நாளில் அங்கே எத்தனை நாளளவு செலவாகிறது? இந்தக் கேள்விக்கு எந்த நாடும் ஒரே மொழியில் பதில் சொல்லலாம். 10 என்று வந்தால், சராசரியாக 1000 பேரில் 10 பேர் அன்றைக்கு ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். 1982-இல் இதற்கென்றே ஆஸ்லோவில் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து இயங்கும் மையம் அமைந்தது. 1996-இல் உலகம் முழுவதுக்கும் இதுவே அளவு என்றாயிற்று.

இந்த அளவை நான் கற்றுக்கொண்டபோது முதலில் செய்தது, என் கையால் கொடுத்த பொட்டலத்தை இதில் போட்டுப் பார்த்ததுதான். அமாக்சிசிலின் 250 மில்லிகிராம் கேப்சூல், வேளைக்கு ஒன்று, நாளைக்கு மூன்று, மூன்று நாளைக்கு. ஒன்பது கேப்சூல். மொத்தம் 2.25 கிராம். அமாக்சிசிலினுக்கு நாளளவு ரொம்ப காலம் 1 கிராமாக இருந்தது. அப்படியானால் நான் கொடுத்தது 2.25 நாளளவு. 2019-இல் அதை 1.5 கிராமாக உயர்த்தினார்கள், ஏனென்றால் உலகெங்கும் மருத்துவர்கள் எழுதும் அளவு உயர்ந்துவிட்டது. அதே ஒன்பது கேப்சூல் இப்போது 1.5 நாளளவு. கேப்சூல் ஒன்றும் குறையவில்லை, படிதான் பெரிதாகிவிட்டது. பழைய கணக்கையும் புதிய கணக்கையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் ஏமாந்துபோவார்கள்.

இன்னொரு பொட்டலம். அஜித்ரோமைசின் 500, தினம் ஒன்று, மூன்று நாள். மூன்றே மாத்திரை, 1.5 கிராம். அதன் நாளளவு 0.3 கிராம். கணக்குப் போட்டால் ஐந்து நாளளவு வருகிறது! மூன்று நாள் சாப்பிட்ட மாத்திரை ஏட்டில் ஐந்து நாளாக ஏறுகிறது. குழந்தைகளுக்குக் கொடுக்கும் சிரப்பில் இதற்கு நேர்மாறு. அளவு பெரியவர்களை வைத்து அமைந்ததால், ஒரு குழந்தை ஐந்து நாள் குடித்த பாட்டில் ஓரிரு நாளளவாகச் சுருங்கிவிடும். நாளளவு யாருக்கும் மருந்து எழுதித் தருவதற்கான அளவு கிடையாது என்று ஆஸ்லோ மையமே திரும்பத் திரும்பச் சொல்கிறது. அது அளவுகோல் மட்டும். ஆனாலும் கோணல் இல்லாத அளவுகோல் கிடைக்கும்வரை காத்திருந்தால் ஒன்றையும் அளக்க முடியாது. எல்லாரும் ஒரே கோலை வைத்துக்கொண்டால் ஒப்பிட்டாவது பார்க்கலாம்.

ஒப்பிட்டார்கள். 2001-இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து, ஹெர்மன் கூசென்ஸ் தலைமையில் ஐரோப்பிய நாடுகளின் கணக்கைத் திரட்டும் வேலை தொடங்கியது. 2005-இல் 'லான்செட்' இதழில் வந்த கட்டுரை, 2002-ஆம் ஆண்டின் புறநோயாளிக் கணக்கை 26 நாடுகளுக்கு அளந்து காட்டியது. பிரான்சில் 1000 பேருக்கு ஒரு நாளைக்கு 32.2. நெதர்லாந்தில் 10. நடுவில் பெல்ஜியம் ஒன்றைத் தாண்டினால் போதும், மூன்று மடங்கு வித்தியாசம். அதிகம் செலவாகும் நாட்டில் மருந்துக்கு மசியாத கிருமியும் அதிகம் என்பதையும் அந்தக் கட்டுரை எண்ணிக்கையோடு வைத்தது. பிரான்சு அரசு 2002-இலேயே விழித்துக்கொண்டு, காய்ச்சல் என்றதும் ஆன்டிபயாடிக் தேவையில்லை என்று தொலைக்காட்சியில் பேச ஆரம்பித்திருந்தது. ஐந்தாண்டில் குளிர்கால மருந்துச் சீட்டுகள் 26.5 சதவீதம் குறைந்தன. ஸ்வீடனில் 1995-இல் தொடங்கிய ஸ்ட்ராமா என்ற அமைப்பு, ஆண்டுக்கு 1000 பேருக்கு 250 சீட்டுக்கு மேல் போகக்கூடாது என்று இலக்கே வைத்தது. எண்ணிக்கை கையில் இருந்தால்தான் இலக்கு என்ற பேச்சே எழும்.

ஐரோப்பாவை இத்தோடு விடுகிறேன். என் மனம் எல்லாம் இங்கேதான்.

1994-இல் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் வந்தபோது எங்கள் வேலை மாறியது. மாவட்டத்துக்குக் கிடங்கு. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் இருக்கும். இன்டென்ட் எழுதி எடுத்துப் போய்க் கிடங்கில் மருந்து எடுத்தால், பாஸ்புக்கில் கழித்துத் தருவார்கள். உதிரி டப்பா போய் அட்டை வந்தது. அட்டையின் மேல் கழகத்தின் முத்திரை. நேரில் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது, ஒரே வாசலாகிவிட்டதே என்று. அப்போது ஆஸ்லோ பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் அரசு ஆஸ்பத்திரிகளில் மாநிலம் முழுவதும் எந்த மருந்து எவ்வளவு போகிறது என்று சொல்ல முடிகிற நிலைமை முதல்முறையாக அன்றுதான் வந்தது.

வந்தும் பாதிக் கணக்குதான். மீதி எல்லாம் கடைத்தெருவில்.

என் தம்பி முறையாகும் ஒருவர் பஸ் நிலையம் பக்கத்தில் மருந்துக் கடை வைத்திருந்தார். மாலையில் அங்கே போய் உட்காருவேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு நூல் கட்டி, அதில் ஒரு கத்தரி தொங்கும். கைப்பிடியில் இருந்த சாயம் தேய்ந்து இரும்பு தெரியும். அந்தக் கத்தரிதான் அந்தக் கடையின் உயிர். "அண்ணா, சளி, தொண்டை வலி, ரெண்டு வேளைக்குக் குடுங்க" என்று ஒருவர் வந்து நிற்பார். தம்பி பத்து கேப்சூல் அட்டையை எடுப்பார். கத்தரி இரண்டு தரம் நடக்கும். இரண்டு கேப்சூல், ஒரு காய்ச்சல் மாத்திரை, ஒரு சளி மாத்திரை, எல்லாம் ஒரே காகித உறையில். சீட்டு இல்லை, பில் இல்லை. வெட்டியெடுத்த துண்டில் மருந்தின் பெயரில் பாதி எழுத்து இருக்கும், மீதிப் பாதி அட்டையோடு கடையிலேயே நின்றுவிடும். காலாவதித் தேதி எந்தத் துண்டில் போனது என்பது அட்டையைப் பொறுத்தது.

"முழுசா அஞ்சு நாளைக்குக் குடு தம்பி, இல்லேன்னா குடுக்காத" என்று ஒருநாள் சொன்னேன்.

"அக்கா, அவர் கையில நாப்பது ரூபா இருக்கு. அஞ்சு நாளைக்குக் கேட்டா பக்கத்துக் கடைக்குப் போயிடுவார்" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் காய்ச்சல் குழந்தையோடு வருபவர்களை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏற்றி அனுப்பியவர். ஆனால் அந்தக் கத்தரி நறுக்கியது எங்கேயும் எழுதப்படவில்லை. அந்த இரண்டு கேப்சூல் யார் கணக்கிலும் இல்லை.

இந்த எழுதப்படாத கணக்கை எழுதப் புறப்பட்டவர்கள் வேலூரில் இருந்தார்கள் என்பதைப் பின்னால் படித்தபோது எனக்கு உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சுஜித் சாண்டி, எலிசபெத் மத்தாய், குரியன் தாமஸ் முதலியோர் அடங்கிய குழு. உலக சுகாதார நிறுவனம், வசதி குறைந்த இடங்களில் ஆன்டிபயாடிக் பயன்பாட்டையும் கிருமிகளின் எதிர்ப்பையும் சேர்த்துக் கண்காணிக்க முடியுமா என்று பார்க்க ஐந்து இடங்களில் முன்னோட்டம் நடத்தியது. இந்தியாவில் டெல்லி, மும்பை, வேலூர். தென்னாப்பிரிக்காவில் டர்பன், பிரிட்ஸ். ஐந்தின் அறிக்கையும் 2009-இல் வந்தது.

நார்வே மாதிரி ஒரே வாசல் இங்கே இல்லை. அதனால் வேலூர்க்காரர்கள் வாசல் வாசலாகப் போனார்கள். நகரத்திலும் கிராமத்திலுமாக 30 இடங்கள். சின்ன மருத்துவமனைகள், தனியார் டாக்டர்களின் கிளினிக்குகள், மருந்துக் கடைகள். 2003 தொடங்கி 2005 வரை, மாதம் தவறாமல். மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வருபவர்களிடம் சீட்டையும் பொட்டலத்தையும் பார்த்து எழுதினார்கள். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை நாளைக்கு. இரண்டு வருஷத்தில் 52,788 பேர். அதில் 40.9 சதவீதம் பேர் கையில் ஆன்டிபயாடிக் இருந்தது. ஐந்து பேர் வந்தால் இரண்டு பேருக்கு. அதிகம் போனவற்றில் பெனிசிலின் வகையும் சிப்ரோஃப்ளாக்சசின் சேர்ந்த வகையும் இருந்தன.

இந்த எண்ணைச் சும்மா படித்துவிட்டுப் போக என்னால் முடியவில்லை. வாசலில் நின்று எழுதுவது என்ன வேலை என்று தெரிந்துகொள்ள ஆசை. ஓய்வு பெற்ற வருஷம், 2023-இல், தம்பியின் கடை வாசலில் ஒரு மாலை முழுவதும் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். கட்டம் போட்டு வைத்திருந்தேன்: ஆள், சீட்டு உண்டா, மருந்து, எண்ணிக்கை, நாள். முதல் ஆளிலேயே கட்டம் குழம்பியது. ஒரு பையன். கையில் காலியான அட்டை. "பாட்டிக்கு இதே குடுக்கச் சொன்னாங்க." சீட்டு உண்டு என்று எழுதுவதா, இல்லை என்று எழுதுவதா? அட்டை எப்போதோ ஒரு சீட்டில் வந்ததுதான். அடுத்து ஓர் அம்மா, போன மாதச் சீட்டு, அதில் ஐந்து நாளைக்கு என்று இருந்தது, அவர் வாங்கியது இரண்டு நாளைக்கு. எந்த எண்ணை எழுதுவது? டாக்டர் எழுதியதையா, கத்தரி வெட்டியதையா? அப்புறம் ஒருவர் தன் செல்போனில் வந்த படத்தைக் காட்டி வாங்கினார். மருந்து அவருக்கா, அதை அனுப்பியவருக்கா என்று கேட்டேன். "ஏம்மா, போலீஸா?" என்று முறைத்துவிட்டுப் போனார். ஒரு மாலையில் என் முதுகு பிடித்துக்கொண்டது. அவர்கள் இருபத்துநான்கு மாதம் இதைச் செய்திருக்கிறார்கள்.

அவர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. 1000 மக்களுக்கு இவ்வளவு என்று ஐரோப்பா பாணியில் சொல்ல முடியவில்லை. ஒரு கடைக்கு எந்த ஊர் ஜனம் வரும் என்று யாருக்குத் தெரியும்? இங்கே யாரும் எந்த டாக்டரிடமும் பதிந்துகொள்வதில்லை. குடியாத்தத்து ஆள் வேலூரில் பார்ப்பார், ஆம்பூரில் மருந்து வாங்குவார். அதனால் 100 நோயாளிகளுக்கு இத்தனை நாளளவு என்று கணக்கை மாற்றி அமைத்தார்கள். அதே கோல்தான், வகுக்கும் எண் மட்டும் வேறு. என் மாவட்டக் கூட்டத்துக் கேள்விக்கான பதில் இந்த வகுக்கும் எண்ணில்தான் இருந்தது. அன்றைக்கு எனக்கு அது தெரியாமல் போயிற்று.

டெல்லியில் அனிதா கோத்வானி குழு 2007-08-இல் இன்னும் ஒரு வருஷம் எண்ணியது. அங்கேயும் கிட்டத்தட்ட அதே கதை: மருந்துக் கடையிலும் அரசு ஆஸ்பத்திரியிலும் 39 சதவீதம், தனியார் கிளினிக்கில் 43. வேலூரும் டெல்லியும் எங்கெங்கோ இருக்கின்றன, எண்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

அதற்கப்புறம் நாடு முழுவதுக்குமான எண்கள் வந்தன. அவை வாசலில் நின்று எடுத்தவை இல்லை, மொத்த வணிகர்களின் விற்பனையிலிருந்து எடுத்தவை. 2010-இல் உலகத்திலேயே அதிக ஆன்டிபயாடிக் செலவாகும் நாடு இந்தியா என்று ஒரு செய்தி பரவியது: 1290 கோடி மாத்திரை, கேப்சூல், ஊசி. எண் சரி. ஆனால் அதே ஆய்வில் அடுத்த வரியை யாரும் சொல்லவில்லை. தலைக்கு என்று பார்த்தால் இந்தியாவில் 10.7, அமெரிக்காவில் 22. 2019-இன் தனியார் விற்பனைக் கணக்கும் இதையே சொல்கிறது. 507 கோடி நாளளவு, 1000 பேருக்கு ஒரு நாளைக்கு 10.4. பிரான்சின் பழைய எண்ணில் மூன்றில் ஒரு பங்கு! அப்படியானால் நாம் நல்லபடியாக இருக்கிறோமா?

இல்லை. எவ்வளவு என்பதோடு எது என்றும் கேட்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஆன்டிபயாடிக்குகளை மூன்றாகப் பிரித்தது. முதலில் கொடுக்க வேண்டியவை, கவனத்தோடு கொடுக்க வேண்டியவை, கடைசிக்கென்று காப்பாற்ற வேண்டியவை. 2019-இல் இந்தியாவில் விற்றதில் இரண்டாம் பிரிவு மட்டுமே 54.9 சதவீதம். முதல் பிரிவு 27 சதவீதம். அதிகம் விற்ற ஒற்றை மாத்திரை அஜித்ரோமைசின் 500. அடுத்தது செஃபிக்ஸிம் 200. அமாக்சிசிலின் போதும் என்கிற இடத்திலும், ஒன்றுமே வேண்டாம் என்கிற இடத்திலும் இவைதான் போகின்றன. இன்னொரு பக்கம், மலைக்கிராமத்தில் நிமோனியாக் குழந்தைக்கு வேளையில் அமாக்சிசிலின் போய்ச் சேருவதில்லை. 10.4 என்ற எண்ணுக்குள் இந்த இரண்டும் கலந்து கிடக்கின்றன. சராசரியைப் பார்த்து ஆறுதல் அடைவதும் தப்பு, மொத்தத்தைப் பார்த்து அலறுவதும் தப்பு.

என் கணவருக்குச் சில வருஷம் முன்பு சிறுநீர்த் தொற்று வந்தது. கல்ச்சர் ரிப்போர்ட்டை நான்தான் போய் வாங்கினேன். ஒரு தாள், இடது பக்கம் மருந்துப் பெயர்கள், வலது பக்கம் ஓர் எழுத்து. எஸ் என்றால் கேட்கும், ஆர் என்றால் கேட்காது. ஆம்பிசிலின், ஆர். செப்ட்ரானில் இருக்கும் மருந்து, ஆர். சிப்ரோஃப்ளாக்சசின், ஆர். செஃபிக்ஸிம், ஆர். விரலை வைத்துக் கீழே கீழே வந்தேன். எல்லாம் என் கையால் பொட்டலம் கட்டிய பெயர்கள். கடைசியில் இரண்டு ஊசி மருந்துக்கு எஸ் இருந்தது. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அவர் குணமானார். அந்தத் தாளை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். நான் கொடுத்த பொட்டலங்களில் எத்தனை தேவையில்லாதவை என்று எனக்குச் சொல்ல ஒரு ரிஜிஸ்டர் இருந்திருந்தால் என்று அடிக்கடி நினைக்கிறேன்.

ரிஜிஸ்டர் வந்தது, ஆனால் அரைகுறையாக. 2010-இல் என்.டி.எம்-1 என்ற எதிர்ப்பு மரபணு பற்றிய கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. கடைசி மருந்துகளுக்கும் மசியாத கிருமி சென்னையிலும் ஹரியானாவிலும் இருப்பதை அது காட்டியது. 'நியூ டெல்லி' என்ற பெயர் அதில் இருந்ததற்காக நாடே சண்டை போட்டது. 2012 ஆகஸ்டில் அப்துல் கஃபூர் முன்னின்று மருத்துவர் சங்கங்களைக் கூட்ட, சென்னைப் பிரகடனம் வந்தது. 2014 மார்ச் 1 முதல் மருந்து விதிகளில் எச்1 என்ற அட்டவணை நடைமுறைக்கு வந்தது. 46 மருந்துகள், அவற்றில் 24 ஆன்டிபயாடிக். இவற்றை விற்றால் கடையில் தனிப் பதிவேட்டில் டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எழுத வேண்டும். மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். ஆய்வாளர் வந்தால் காட்ட வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். வேலூரில் 30 வாசலில் நின்று எழுதியதை, நாட்டின் ஒவ்வொரு மருந்துக் கடையும் தானே எழுத வேண்டும் என்று சட்டமே சொல்லிவிட்டது. இதைவிடப் பெரிய வாய்ப்பு ஏது? ஆனால் அந்தப் பட்டியலில் செஃபிக்ஸிம் உண்டு, நாட்டில் அதிகம் விற்கும் அஜித்ரோமைசின் சேரவில்லை, அமாக்சிசிலினும் இல்லை. எழுதியதைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி இல்லை. காட்டுவதற்கான ஏடாகத்தான் அது பிறந்தது. நான் பார்த்த கடைகளில் சிலவற்றில் ஒழுங்காக எழுதுகிறார்கள். சிலவற்றில் ஆய்வு வருகிறது என்றதும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரு மாதத்தை ஒரு மத்தியானத்தில் எழுதி முடிக்கிறார்கள். அப்படி எழுதிய பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். மை எங்கேயும் மாறியிருக்காது.

கடைக்காரர்களை மட்டும் நான் குறை சொல்லவில்லை. நான் பொருந்தவைத்த ரிஜிஸ்டரும் ஆட்களை விட்டுவிட்ட ரிஜிஸ்டர்தான்.

அதனால் என் தொழிலில் இருக்கும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். அரசு ஆஸ்பத்திரியாக இருக்கட்டும், மருந்துக் கடையாக இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் 1993-இல் வெளியிட்ட கையேட்டில் ஓர் எளிய வழி இருக்கிறது. அதற்கு நாளளவும் தெரிய வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். உங்கள் ஓரிடத்தை மட்டும் பார்க்க 100 பேரின் கணக்கு போதும். வருகிற 100 பேரை வரிசையாக எழுதுங்கள். சீட்டு இருந்தால் இருந்தது என்று, இல்லாவிட்டால் இல்லை என்று. ஆன்டிபயாடிக் போன பெயருக்கு எதிரே ஒரு கோடு போடுங்கள். கோடுகளை எண்ணுங்கள். வேலூரின் அந்த 40.9-க்குப் பக்கத்தில் உங்கள் எண்ணை வையுங்கள். அடுத்த வருஷம் அதே மாதத்தில் இன்னொரு 100 பேரை எண்ணுங்கள்.

மருந்து வாங்குபவர்களிடமும் ஒரு வார்த்தை. இரண்டு கேப்சூல் வாங்கினாலும் பில் கேளுங்கள்.